மானேஜர் வீட்டு மெஷின்

"சனிக்கிழமை சபாபதி வர்றான்க்கா. மானேஜர் மெஷின எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

தம்பி லியோனார்ட் இதைச் சொன்னது புதன்கிழமை காலை, ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டே. எட்டு மாதமாக அந்த மெஷினைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எடுத்துப் போவதற்கு முன்னால் அவர்கள் செய்யப்போவதை நினைத்துத்தான் பயம்.

பழைய வாசிங் மெஷின் சேர்ப்பவர்கள் ஜோகூரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள் நாலைந்து பேர், சபாபதியும் அதில் ஒருவன். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் கைமாறும்போது, வாங்குகிறவன் தன் வீட்டு அழுக்குத் துணியைக் கொண்டுவர வேண்டும். கொடுக்கிறவன் அதைத் தன் வீட்டிலேயே துவைத்துக் காட்ட வேண்டும். வாங்குகிறவன்தான் தண்ணீரில் கைவிட்டுத் துணியை எடுத்து, பிழிந்து, மோந்து பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் லாரியில் ஏற்றுவது. சட்டைக் கழுத்தில் கறை மிச்சமிருந்தால் அந்தக் கிண்டல் வருஷக்கணக்கில் ஓடும்.

சபாபதி அந்தத் தண்ணீரில் கைவிட்டால் செத்துப்போவான். ஷர்மைன் அப்படித்தான் செத்தாள். அது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஷர்மைன் லியோனார்டின் மனைவி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிளினிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர்களோடு மாசாய்க்கு வந்துவிட்டேன். வந்து பன்னிரண்டு வருஷம். எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டிலும் பின்னாலும் தகரக் கூரை போட்டு, அதன்கீழ் பதினான்கு மெஷின்கள் நின்றன. லியோனார்ட் பாசிர் கூடாங் எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் மின்சாரப் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்தவன். வேலையில் இருந்தபோதே சேர்க்கத் தொடங்கினான். கன்வென்ட்டில் ஓரங்கட்டியது, டாக்டர் வீட்டில் வேண்டாமென்று போட்டது, குளுவாங்கில் ஒரு சீனர் கடையின் பின்கட்டில் கோழிக்குத் தீவனத் தொட்டியாகக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் அது வந்த வீட்டின் பெயர்தான். பெல்ட் மாற்றி, துரு சுரண்டி, ரப்பர் உருளைக்குப் பவுடர் போட்டு, ஓடவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பான். "கேளுக்கா, இதுக்கு மூச்சு இழுக்குது" என்பான். எனக்கு எல்லாம் ஒரே கடகடா சத்தம்தான். ஷர்மைனுக்குத் தெரியும். அடுப்படியில் இருந்தபடியே, "கன்வென்ட்டுக்கு பெல்ட் லூசாயிடுச்சு பாருங்க" என்று குரல் கொடுப்பாள்.

மானேஜர் மெஷின் அவளுக்குப் பிடித்தது. சாஆ என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து மானேஜர் பங்களாவில் அறுபதுகளில் ஓடிய மெஷின் அது. வெள்ளை எனாமல் பூசிய உருண்டைத் தொட்டி, நாலு கால், மேலே துணி பிழிய இரண்டு ரப்பர் உருளை. சாஆக்காரனான சபாபதிதான் அது கிடப்பதாகத் துப்பு கொடுத்தான். அவன் லாரி தேடிக்கொண்டிருந்த அன்றைக்கே லியோனார்ட் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பதினோரு வருஷம் சபாபதி அதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டான். "ஐலீன் அக்கா, உங்க தம்பி மாதா கோயிலுக்குப் போறாரே, திருடினத சாமியார்கிட்ட சொல்றாரா, கேட்டுச் சொல்லுங்க" என்பான். லியோனார்ட் சிரிப்பானே தவிர கொடுக்கவில்லை.

மெஷின்களைச் சும்மா நிறுத்தி வைத்தால் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும் என்று ஒவ்வொன்றையும் முறைபோட்டு ஓட்டுவார்கள். வீட்டுத் துணியேதான். செவ்வாய்க்கிழமை மானேஜர் மெஷின். எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்பது லியோனார்டின் பிடிவாதம். ஒயரைக்கூட மாற்றமாட்டான். அந்த மெஷினுக்கு இரண்டு முனை பிளக்கும், தனியாக ஒரு பச்சை ஒயரும் உண்டு. பச்சை ஒயரின் நுனியில் இருக்கும் கிளிப்பைத் தண்ணீர்க் குழாயில் மாட்ட வேண்டும். மெஷினில் கரண்டு கசிந்தால் அந்த ஒயர் வழியாகக் குழாய்க்குப் போய், குழாய் வழியாக மண்ணுக்குள் போய்விடும் என்று எங்கள் இருவருக்கும் காட்டிக் கொடுத்திருந்தான். ஷர்மைன் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

இன்னொன்றும் செய்திருந்தான். கரண்டு கசிந்தால் தானே விழுந்து வீட்டு மின்சாரத்தை நிறுத்துகிற ஈஎல்சிபி, இந்தக் கிழட்டு மெஷின்களில் எதை ஓட்டினாலும் விழுந்துகொண்டே இருந்தது. சோறு பாதி வெந்து நிற்கும். எனவே பின்பக்கத்துக்கு மட்டும் ஈஎல்சிபியைத் தாண்டித் தனி லைன் இழுத்துவிட்டான். அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவர்கள் மகன் கால்வின் அதைப் பார்த்துவிட்டுப் பெரிய சண்டை. கால்வினும் இதே மின்சாரத் தொழில்தான், சிங்கப்பூர் துவாஸில்.

"ஒருநாள் யாராச்சும் சாவாங்கப்பா. அப்ப நான் உங்கள அப்பான்னு கூப்பிடமாட்டேன்."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் சார்ஜ்மேன்டா. எர்த்து இருக்கு. எனக்குத் தெரியாதா?"

ஷர்மைன்தான் நடுவில் புகுந்து இருவரையும் சாப்பிட உட்கார வைத்தாள்.

போன ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை லியோனார்ட் கோயிலில் ஃபேன் பழுதுபார்க்கப் போயிருந்தான். நான் முன்னறையில் இருந்தேன். மெஷின் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது, பாட்டுச் சத்தத்தைக் காணோம். துவைக்கும்போது பாடாமல் அவள் இருந்ததில்லை. போய்ப் பார்த்தேன். ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு விழுந்து கிடந்தாள். ஒரு கால் மெஷினின் காலில் பட்டிருந்தது. தோளைத் தொட்டேன். என் விரலிலிருந்து முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் நான் பிழைத்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி தொட்டேன். மூச்சில்லை. நாற்பது வருஷம் கிளினிக்கில் நாடி பிடித்தவள் நான். மூன்று தரம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை என் கைதான் செய்தது. பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்தேன். பச்சை ஒயரைக் குழாயிலிருந்து கழற்றினேன். மூடியைப் போட்டேன். துணி காயப்போடும் கொடிக்கும் மெஷினுக்கும் இரண்டு எட்டுதான். கொடிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். அறுபத்துமூன்று வயது, சர்க்கரை, பிரஷர். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடக்கத்தின்போது கால்வின் தன் அப்பாவின் தோளில் சாய்ந்து அழுததை நான் பார்த்தேன். நான் செய்தது சரி என்று அப்போது தோன்றியது.

அதன்பிறகு லியோனார்ட் எந்த மெஷினையும் ஓட்டவில்லை. இனி ஓட்டவே மாட்டான் என்று நம்பித்தான் நானும் சும்மா இருந்துவிட்டேன். பெசி புரோக் லாரி, அதாவது பழைய இரும்பு வாங்குகிற லாரி, தெருவில் கூவிக்கொண்டு போகும் போதெல்லாம் கூப்பிடட்டுமா என்று கேட்பேன். முறைப்பான்.

புதன்கிழமையே கேட்டுப் பார்த்தேன். துவைத்தெல்லாம் காட்ட வேண்டுமா, சபாபதி என்ன வெளியாளா என்றேன்.

"துவைச்சுக் காட்டாம குடுத்தா அது பெசி புரோக்குக்கா. அவ கடைசியாத் தொட்ட மெஷினு. மரியாதையா போகட்டும்."



வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதை செபத்துக்கு அவன் கோயிலுக்குக் கிளம்பினான். முழங்கால் வலி என்று நான் நின்றுகொண்டேன். அவன் மோட்டார்சைக்கிள் முனை திரும்பியதும் காய் நறுக்கும் கத்தியை எடுத்துப் போய் மெஷினின் ஒயரைப் பிளக்குக்கு ஒரு சாண் தள்ளி அறுத்தேன். பழைய ஒயர், துணி சுற்றியது. சுலபத்தில் அறுபடவில்லை. கத்தி வெட்டாகத் தெரியக் கூடாதே என்று நுனியைக் கல்லில் வைத்து நசுக்கிப் பிய்த்துவிட்டேன். எழுபத்தொரு வயதில், தவக்காலத்து வெள்ளிக்கிழமையில், குந்தி உட்கார்ந்து இதைச் செய்தேன்.

திரும்பி வந்து அதைப் பார்த்த லியோனார்ட் வெகுநேரம் ஒயரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 

"எலி கடிச்சிருக்குக்கா," என்றான் கடைசியில். "பதினாலு மெஷின் இருக்கு. கழுதைக்கு இதுதான் கிடைச்சிருக்கு."

அரைமணி நேரத்தில் ஒயரை ஒட்டுப் போட்டான். எலிக்குப் பசை அட்டையும் வாங்கி வைத்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சபாபதி சின்ன லாரியோடு வந்தான். ஒற்றையாள். மஞ்சள் பையில் தன் சட்டைகள், எண்ணெய்ப் பனைக் கறை படிந்தவை. மூன்று நாளாகச் சட்டையைத் தண்ணீரில் நனைக்கவே விடவில்லை என்றும், வீட்டுக்காரி தன்னைத் தின்னும் அளவுக்கு ஏசினாள் என்றும் சொன்னான். ஷர்மைன் படத்தின் முன் கொஞ்ச நேரம் கை கட்டி நின்றான். தேத்தண்ணி குடித்தார்கள்.

"பதினோரு வருஷம் கேட்டேன், குடுக்கல. இப்பக் கேக்காமலே குடுக்கறே. எனக்கு வாங்கவே மனசு வரல லியோ."

"அதான் கூப்பிட்டேன். மனசு வர்றவனுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

பின்னால் போனார்கள். நானும் போனேன். லியோனார்ட் மெஷினை ஷர்மைன் விழுந்த இடத்துக்கு நேராகவே இழுத்து நிறுத்தினான், குழாய் அங்கேதான் இருந்தது. தொட்டியில் தண்ணீர் விட்டான், தூள் போட்டான். சபாபதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விட்டான். லியோனார்ட் பச்சை ஒயரின் கிளிப்பைக் குழாயில் மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். பிளக்கைச் செருகினான். சபாபதி கையைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு குனிந்தான்.

"போடாத."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"போடாத லியோ. சபாபதி, கைய எடு. ஷர்மைன் மாரடைப்புல சாகல."

சபாபதி கையை எடுத்தான். லியோனார்டின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கால் மெஷினில் பட்டிருந்ததை, என் கை சுண்டியதை, ஒயரைச் சுற்றி வைத்ததை, நேற்று எலி வராததை.  பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

லியோனார்ட் உள்ளே போனான். டெஸ்ட் பேனாவோடும் ரப்பர் பூட்சோடும் வந்தான். சபாபதியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டான். மெஷின் நன்றாகவே ஓடியது. பேனாவின் நுனியைத் தொட்டியில் வைத்தான். சிவப்பாக எரிந்தது. மெஷினின் காலில் வைத்தான், எரிந்தது. அப்புறம் ஏனோ குழாயில் வைத்தான்.

குழாயிலும் எரிந்தது.

அவன் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை அது செத்துப்போன மனிதன் முகம் போல இருந்தது, இப்போது வேலை செய்கிறவன் முகம்.

"குழாயில எப்படி வரும்?" என்று சபாபதியிடம் கேட்டான். "இது மண்ணுக்குள்ள போற இரும்பு. கரண்டு அப்படியே எறங்கிப் போயிருக்கணும்."

சபாபதி குனிந்து குழாய் சுவருக்குள் போகும் இடத்தையும் கீழே சிமெண்டையும் பார்த்தான். ஒரு முழ அகலத்துக்கு சிமெண்டு வேறு நிறமாக இருந்தது.

"இது எப்ப ஒடைச்சது?"

லியோனார்ட் என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன ஜூலை கடைசியில் அவர்கள் இருவரும் கோயில் பஸ்ஸில் புக்கிட் மெர்தாஜாமுக்கு அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அந்த நாலு நாளில் பின்பக்கம் தரைக்கடியில் தண்ணீர் ஊறி வெளியே வந்தது. வெள்ளைத் துணியெல்லாம் துருக் கறை படிகிறது என்று ஷர்மைன் முன்பிருந்தே குறைபட்டுக்கொண்டிருந்தாள். வருவதற்குள் சரிசெய்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று பைப்புக்காரனைக் கூப்பிட்டேன். தரையை உடைத்தான், மாற்றினான், பூசிவிட்டுப் போனான். மேலே குழாய் பழையதுதான். வந்ததும் அவர்களிடம் பைப்பு ஒழுகியது, ஆள் வந்து சரிபண்ணிவிட்டான் என்று சொன்னேன். ஷர்மைன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"அடியில என்ன பைப் போட்டான்க்கா?" சபாபதி மெதுவாகக் கேட்டான்.

"கறுப்பு. ரப்பர் மாதிரி சுருட்டிக் கொண்டாந்தான்."

"பிளாஸ்டிக்கு," என்றான். "அலமாக், மோசம் போச்சே."

அப்புறம் எனக்கு விளங்கும்படி சொன்னான். இரும்புதான் கரண்டை மண்ணுக்குள் இறக்கும், பிளாஸ்டிக் இறக்காது. பச்சை ஒயர் எர்த்தும் இல்லாமல் சும்மா ஒரு குழாயில் தொங்கியிருக்கிறது. அவர்கள் திரும்பி வந்த அடுத்த செவ்வாய்க்கிழமைதான் ஷர்மைன் திருவிழாத் துணிகளைத் துவைக்கப் போட்டாள். பதினோரு வருஷமாகக் கசிந்துகொண்டிருந்த மெஷினில், கசிந்த கரண்டுக்குப் போக வழியில்லாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"ஒண்ணு இருந்திருந்தாப் போதும். ஈஎல்சிபியாச்சும், இல்ல அந்தப் பைப்பாச்சும்." சபாபதி இதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போலத் தன் செருப்பைத் தேடினான்.

லியோனார்ட் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினான். சட்டைகளைத் தானே எடுத்து, உருளையில் விடாமல் கையால் பிழிந்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தான். சபாபதி என்னமோ சொல்ல வாயெடுத்தான். "போயிட்டு வா சபா" என்றான் லியோனார்ட். லாரி போகும் சத்தம் அடங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். எட்டு மாதமாக அவனை எதிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அதில் பாதி என்னுடையது. நான் அழவில்லை. அழுதால் அவன்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

மதியம் சோறு போட்டேன். சாப்பிடாமல் எழுந்தான். போனை மேசை மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கால்வினைக் கூப்பிட்டான். எதிர் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னான்.

"கால்வின், அப்பா பேசறேன். அம்மா ஷாக் அடிச்சுத்தான் இறந்தாங்க. மெஷின்ல. இன்னைக்கு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். ஈஎல்சிபியத் தாண்டி லைன் இழுத்தேன்ல, அதனால."

 நான் வாயைத் திறந்தேன். லியோனார்ட் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை மேசை மேல் என் பக்கமாக நீட்டி வைத்தான், நிறுத்து என்பது போல.

"எர்த்து இருக்குன்னீங்க," என்றான் கால்வின்.

"இல்ல. நான் சரியாப் பார்க்கல."

"அத்தைக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரியும்."

"அத்தைய மட்டும் பத்திரமா பார்த்துக்குங்க," என்றான். "அந்த வீட்டுல இன்னொரு ஆளையும் கொன்னுடாதீங்க." அதோடு வைத்துவிட்டான்.

 என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், பைப்பைப் பற்றி, மறைத்ததைப் பற்றி, மறுபடி கூப்பிடு, நான் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லி?"

"பாதி என்னுதுடா."

"எனக்கப்புறம் உன்னை யாருக்கா பார்ப்பா? அவன்தான வரணும்." தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்துவிட்டு அங்கிருந்து சொன்னான், "இதுல நீ வாயத் தொறக்காத."

நான் போனை எடுத்திருக்கலாம். கால்வின் நம்பர் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. லியோனார்டுக்காகத்தான் எடுக்கவில்லை என்று முதல் வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் அதைச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டேன். முதுமையில் தனியாகிவிடுவோமோ என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

திங்கட்கிழமை லியோனார்ட் பெசி புரோக் லாரியைத் தானே கைதட்டி நிறுத்தினான். அதற்கு முன்பே பதினான்கு மெஷின்களின் ஒயர்களையும் அடியோடு வெட்டியிருந்தான், யாரும் எங்கேயும் ஓட்டிவிடாதபடி. கன்வென்ட்டு, டாக்டர் வீடு, எல்லாம் போனது. ஏற்றியவர்கள் மானேஜர் மெஷினின் எனாமல் தொட்டியை லாரியில் கவிழ்த்துப் போட்டபோது அவன் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டான். வேறொரு ஒயர்மேனை வரவழைத்துப் பின்பக்க லைனை மறுபடி ஈஎல்சிபியோடு சேர்க்கச் சொன்னான். தான் தொடவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்குக் கால்வின் வரவில்லை. ஆகஸ்ட்டில் அவன் அம்மாவின் முதல் வருஷப் பூசைக்கு வந்தான். கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான், அப்பாவுக்கு மூன்று வரிசை பின்னால். பூசை முடிந்ததும் என்னை மட்டும் காரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் போன் செய்கிறான்.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

"சாப்பிட்டேன்பா."

முழங்கால் எப்படி, மருந்து இருக்கிறதா, பணம் அனுப்பட்டுமா. எல்லாம் கேட்பான். சிங்கப்பூருக்கு வந்து தன்னோடு இருந்துவிடுங்கள் என்பான். லியோனார்ட் அந்த நேரத்துக்குச் சரியாக மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருப்பான், பேப்பரை விரித்துக்கொண்டு. அவன் தன் மகனின் குரலைக் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரைப் போடுவேன். பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்பமாட்டான்.